மேபலின் இடப்பக்கம்

அத்தியாயம் 6

“எண்பது சாட்சி இருக்கு பாஸ். எண்பது பேர் கழுத்துலயும் கேமரா. கொலராடோவுல இத்தனை சாட்சியோட எந்தத் திருட்டும் நடந்திருக்காது” என்றான் ஆர்லோ பிக்கெட், பரிட்டோவின் கடைசி வாயை விழுங்கியபடி.

“சரி, எடுத்தது யாரு?” என்றார் மின்னா ஸ்ட்ராட்.

“அது மட்டும் தெரியலை.”

மின்னா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை ஆர்லோ வாரத்துக்கு ஒரு முறையாவது வாங்கிக்கொள்வான். சில வாரம் சம்பளம் தவறும், பார்வை தவறாது.

காணாமல் போனது தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. ஒரு தகர டப்பா. மேல்பக்கத்தை வெட்டியெடுத்து, கம்பியால் பிடி வைத்த பழைய எண்ணெய் டப்பா. ஆனால் அதற்குள் போடுவது ஓட்டு. பெல்வெதர் மலை ரயில் சங்கத்தில் காகிதச் சீட்டெல்லாம் கிடையாது. டிக்கெட் வாங்குகிறபோதே கையில் ஒரு பித்தளை வாஷரைக் கொடுத்துவிடுவார்கள். எந்த எஞ்சின் பிடித்திருக்கிறதோ அதில் தொங்கும் டப்பாவில் வாஷரைப் போட வேண்டும். போன வருஷம் இந்த ஓட்டெடுப்பில் இரண்டு கட்சிக்கும் கைகலப்பாகி ஆப்பிள் பை பலகாரமெல்லாம் பறந்தது. அதனால்தான் இந்த வருஷம் காவலுக்குத் துப்பறியும் மின்னாவையும் அவர் உதவியாள் ஆர்லோவையும் வரவழைத்திருந்தார்கள். காவல் காத்த லட்சணம் இது.

போட்டியில் இருந்தவை இரண்டு. ஒன்று நாற்பத்தேழாம் நம்பர், மிகாடோ ரகம். சக்கரங்களுக்கு வெளியே சட்டம், சட்டத்துக்கும் வெளியே சுழலும் எதிர் எடைகள். மூன்றடி அகலத் தண்டவாளத்தில் இத்தனை பெரிய உடம்பை எப்படி நிற்க வைத்தார்கள் என்று வாய் பிளக்க வைக்கும் முரட்டு அழகு. இன்னொன்று மேபல். ஷே ரகம். காட்டில் மரம் இழுக்கப் பிறந்த பல்சக்கர எஞ்சின். ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும், ஆனால் சத்தத்தை மட்டும் கேட்டால் எக்ஸ்பிரஸ் வருகிறது என்று சத்தியம் செய்வீர்கள்.

ஜெயிக்கிற எஞ்சினுக்கு இந்தக் குளிர்காலத்தில் புது பாய்லர். சங்கத்துக்கு ஒன்றுக்குத்தான் தெம்பு. நாற்பத்தேழு தோற்றால் குடி ஒன்றும் முழுகாது, பழைய பாய்லரோடு இன்னும் சில வருஷம் ஓடும். மேபல் கதை அப்படியில்லை. அதன் பாய்லருக்கு அனுமதி இந்த சீசனோடு முடிகிறது. தோற்றால் நெருப்பை அணைத்து, துடைத்து, லாரியில் ஏற்றி, கேன்சஸில் ஒரு அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கூடத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் மேபல் மலை ஏறப்போவதில்லை.

“கண்ணாடிக்குள்ள நிக்க வெச்சு மீனைப் பாக்குற மாதிரி பாப்பாங்க என் எஞ்சினை!” என்று வெர்னா டட்டில் மேபலின் ஜன்னலிலிருந்து கத்தினாள். வெர்னாதான் மேபலின் டிரைவர். நாற்பத்தைந்து வயது, முழங்கை வரை கிரீஸ், கண்ணில் அதைவிடக் கறுப்பாய்க் கோபம். “எவன் எடுத்தான்னு எனக்குத் தெரியும். அந்த நாற்பத்தேழு ஆளுங்கதான். போய் அந்தக் கிளீட்டஸ் கிழவனைப் பிடிச்சு உலுக்குங்க!”

“உலுக்குறது அப்புறம். டப்பாவை எங்கே தொங்கவிட்டீங்க?” என்றார் மின்னா.

“ஃபயர்மேன் ஜன்னலுக்குக் கீழே, கைப்பிடிக் கம்பியில. நானே என் கையால கட்டினேன்.”

வெர்னாவின் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தலை எட்டிப் பார்த்தது. டெல்பர்ட். கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன், வெர்னாவின் கணவனும்கூட. எஞ்சினில் ஆனாலும் வீட்டில் ஆனாலும் ஓட்டுவது வெர்னாதான்.

“அப்ப ஓட்டெடுப்பு செல்லாதுதானே? அடுத்த வருஷம் புதுசா வெச்சுக்கலாம்தானே?” என்றான் டெல்பர்ட்.

சங்கத் தலைவர் ஹோபார்ட் க்ரீல் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். “விதி விதிதான், டெல்பர்ட். சூரியன் மலைக்குப் பின்னால இறங்கும்போது எந்த எஞ்சின்ல டப்பா தொங்குதோ அதைத்தான் எண்ணுவோம். டப்பா இல்லைன்னா ஓட்டு இல்லை. நானா எழுதினேன்? எல்லாரும் சேர்ந்து கை தூக்கினதுதானே.”

டெல்பர்ட்டின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனது. “அப்படின்னா மேபலுக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடுமே… ஓட்டெடுப்பைத்தானே நிறுத்தணும்?”

“இறங்குற சூரியனை யாரு நிறுத்துறது?” என்று ஹோபார்ட் மேற்கே பார்த்தார். சூரியன் மலைமுகட்டுக்கு மேலே, எட்டிப் பிடித்துவிடலாம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆர்லோ தன் பங்குக்குச் செய்ததைச் சொன்னான். திருட்டு நடந்தது படத்துக்கான ஓட்டத்தின்போது. படப்பிரியர்கள் எல்லோரும் ரயிலை விட்டு இறங்கி வில்லோ வளைவில் வரிசையாக நிற்பார்கள். ரயில் பின்னால் போய் மறையும். பிறகு புகையும் ஆவியுமாக அவர்கள் முன்னால் ஆர்ப்பாட்டமாக வரும். எல்லோரும் கேமராவால் சுட்டுத் தள்ளுவார்கள். அந்த ஓட்டத்துக்கு முன் டப்பா இருந்தது, பின் இல்லை. அதனால் ஆர்லோ எண்பது கேமராவையும் வாங்கி வாங்கிப் பார்த்துவிட்டான்.

பார்ப்பது ஒன்றும் லேசாக இல்லை. ஒவ்வொருத்தரும் கேமராவைக் கொடுப்பதற்கு முன் ஒரு பிரசங்கம் செய்தார்கள். மெய்ன் மாகாணத்திலிருந்து வந்த தாடிக்காரர், இரண்டடிப் பாதையில் ஓடிய குட்டி எஞ்சின்களுக்கு ஈடு இணை இல்லை என்று அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். சிவப்புக் கண்ணாடி போட்ட அம்மாள், நடுவில் மடங்கி வளைவில் பாம்பாய் நெளிகிற இரட்டை எஞ்சின்தான் மனித குலத்தின் உச்சம் என்றாள். இருவருக்கும் ஆர்லோ தலையாட்டினான். தலையாட்டாவிட்டால் கேமரா கிடைக்காது.

“ஆனா பாஸ், யாரு எந்த எஞ்சினைத் தலையில தூக்கிவெச்சு ஆடினாலும், மேபல் வரும்போது எல்லாரும் ஒரே படத்தைத்தான் எடுத்திருக்காங்க. பாருங்க. இது மேபல். இதுவும் மேபல். இதுல மேபலும் யாரோட கட்டை விரலும்.”

மின்னா ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பத்துப் பதினைந்து பார்த்ததும் அவர் உதடு ஒரு பக்கமாகச் சுழித்தது. ஆர்லோவுக்கு அந்தச் சுழிப்பு தெரியும். அது வந்தால் யாரோ ஒருவன் மாட்டப்போகிறான், இல்லையென்றால் தன்னை எங்கேயோ ஏறச் சொல்லப்போகிறார்.

“ஆர்லோ, அந்தப் பக்கம் போய்ப் பாத்தியா?”

“எந்தப் பக்கம்?”

“மேபலுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல?”

ஆர்லோ யோசித்தான். காலையிலிருந்து இந்த எஞ்சினைச் சுற்றித்தான் திரிகிறான். ஆனால் சுற்றவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

“வா” என்று மின்னா நடந்தார்.

மேபல் வளைவில் நின்றுகொண்டிருந்தது. நிற்கிற எஞ்சினையும் விடாமல் படமெடுக்கிற கூட்டம் அதன் முன்னால் வரிசை கட்டியிருந்தது. ஆர்லோ அந்த வரிசைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு காலைத்தான் வைத்தான்.

“யோவ், சிவப்புச் சட்டை! வெளியே போய்யா!”

“வெளிச்சம் போகுது, இவன் குறுக்கே உலாத்துறான் பாரு!”

“அவனை யாராவது இழுத்துப் போடுங்கப்பா!”

ஆர்லோ பாய்ந்து மறுபக்கம் போய் விழுந்தான். “கொலைகாரனைப் பிடிக்கப் போனப்பகூட இப்படித் திட்டு வாங்கினதில்லை பாஸ்.”

“கொலைகாரன் படம் எடுக்கிறவன் இல்லையே” என்றபடி மின்னா அவன் பின்னால் வந்து சேர்ந்தார். அவர் ரயிலின் வாலைச் சுற்றி வந்திருந்தார். அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

ஆர்லோ நிமிர்ந்து பார்த்துத் திகைத்தான். மேபலின் வலப்பக்கம் ஒரு திருவிழா. நட்டமாக நிற்கும் மூன்று சிலிண்டர்கள், மேலும் கீழும் குதிக்கிற தண்டுகள், எஞ்சின் நீளத்துக்கும் சுழன்று போகிற அச்சு, ஒவ்வொரு சக்கரத்தையும் கடித்து இழுக்கிற பற்கள். இந்தப் பக்கமோ ஒன்றுமே இல்லை. உருண்டையான பாய்லர், கீழே வெறும் சக்கரங்கள். கல்யாண வீட்டின் முன்வாசலைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் வந்த மாதிரி இருந்தது.

“யாரோ பாதியை மட்டும் செஞ்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க போல.”

“ஷே எஞ்சினே அப்படித்தான். இயங்குற உறுப்பெல்லாம் வலப்பக்கம். அந்தப் பக்கம் கனம் சாயக் கூடாதுன்னு பாய்லரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வெச்சிருப்பாங்க” என்றார் மின்னா. “நல்லா வேலை செய்யும். ஆனா இந்தப் பக்கத்தைப் பாக்க ஒருத்தனும் வர மாட்டான்.”

டெல்பர்ட்டின் ஜன்னல் இந்தப் பக்கம்தான் இருந்தது. அதற்குக் கீழே கைப்பிடிக் கம்பியில், அறுந்த கம்பித் துண்டு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மின்னா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று இடத்தை அளந்தார். தண்டவாளம், அப்புறம் வில்லோ புதர், அப்புறம் சரிந்து இறங்கினால் ஐஸ் தண்ணீராய் ஓடும் ஆறு. அவ்வளவுதான். ஆள் வந்து போக வேறு வழியில்லை.

ஆர்லோ புதருக்குள் தலையை விட்டான். “பாஸ்! அணிலுங்க மாநாடு போட்டிருக்கு!”

அங்கே மண்ணில் சூரியகாந்தி விதைத் தோல் ஒரு கைப்பிடி குவிந்திருந்தது. காற்று இன்னும் கலைக்காத புதுத் தோல். இந்த ரயிலில் விதையை மென்று தோலைத் துப்பிக்கொண்டே இருக்கிற ஆள் ஒருவர்தான். அவர் ஓட்டுகிற எஞ்சின் போகிற இடமெல்லாம் தோலை வைத்தே அவரைப் பின்தொடரலாம் என்று சங்கத்தில் கேலி பேசுவார்கள்.

நாற்பத்தேழின் டிரைவர் கிளீட்டஸ் ஓர்ம்.

“வெர்னா சொன்னது சரிதான் போலிருக்கே” என்றான் ஆர்லோ.

“இருக்கலாம்” என்றார் மின்னா. இருக்காது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

நாற்பத்தேழு பக்கப் பாதையில் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அதன் முன்மூக்கில், குழந்தைகள் ஏறி நின்று படமெடுத்துக்கொள்கிற இடத்தில், அதன் டப்பா கண்ணில் குத்துகிற மாதிரி தொங்கியது. பாதிக்கு மேல் வாஷர், குடும்பம் குடும்பமாக வந்த மற்ற பயணிகள் போட்டது. அதன் பக்கத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த கிளீட்டஸுக்கு அறுபதைத் தாண்டிய வயது. இவர்கள் வருவதைப் பார்த்ததும் வாயிலிருந்த விதையை மெல்வதை நிறுத்தினார்.

“பெரியவரே, உங்க தோலை விட்டுட்டு வந்துட்டீங்க” என்று ஆர்லோ உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

“என்ன தம்பி இது? இந்த மலையில எவ்வளவோ பேர் விதை திங்கறான்.”

“பச்சை மிளகாய் தடவின விதையை நீங்க மட்டும்தான் திங்கறீங்க. மோந்து பாத்தேன். இன்னும் மூக்கு எரியுது.”

கிளீட்டஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். மின்னா குரலைத் தாழ்த்தினார். “மிஸ்டர் ஓர்ம், படம் எடுத்த ஓட்டத்தப்ப நீங்க மேபலோட இடப்பக்கம் புதர்ல இருந்தீங்க. எதுக்குப் போனீங்கன்னு சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்.”

“நான் டப்பாவை எடுக்கலை.”

“எடுத்தீங்கன்னு யாரு சொன்னா?”

கிழவர் முகம் சிவந்தது. எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “வெளியே சொல்ல மாட்டீங்களே? சத்தியமா?”

“சத்தியமா.”

“போடத்தான் போனேன்.”

“எதை?” என்றான் ஆர்லோ.

“என் வாஷரை! மேபலுக்கு!” கிளீட்டஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். “இங்கே பாரு, என் டப்பா பாதிக்கு மேல நிறைஞ்சாச்சு. இந்த நாற்பத்தேழு ஜெயிச்சாச்சு. அந்த மேபல் பொண்ணுக்கு ஒண்ணாவது போடலாம்னு தோணிச்சு. அந்த எஞ்சினை எனக்குப் பிடிக்கும்ப்பா. அந்த மூணு பிஸ்டனும் குதிக்கிறதைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும், சந்தோஷமா இருக்கும். நாற்பத்தேழை ஓட்டிக்கிட்டு அதை வெளியே சொல்ல முடியுமா? என் ஃபயர்மேன் என்கூடப் பேசவே மாட்டான். அதான் ஒரு பயலும் எட்டிப் பாக்காத பக்கமா போனேன்.”

ஆர்லோ நாக்கின் நுனி வரை வந்த கேலியை விழுங்கினான். அது அவனுக்கு அரிது.

“போட்டப்ப என்ன கேட்டுச்சு?” என்றார் மின்னா.

“என்ன கேட்டுச்சுன்னா?”

“வாஷர் விழுந்த சத்தம்.”

கிளீட்டஸ் கண்ணைச் சுருக்கி யோசித்தார். “டங்னுச்சு. தகரத்துல பட்ட மாதிரி. உள்ளே எட்டிப் பாத்தேன், அடியில ஏதோ நாலஞ்சு கிடந்துது. மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் வண்டி பின்னால போச்சு, நான் புதர்ல உக்காந்து அது திரும்பி வர்றதைக் கேட்டுட்டு வந்துட்டேன்.”

“அப்போ அந்தப் பக்கம் வேற யாராவது வந்தாங்களா?”

“வர்றதா? என் முதுகுக்குப் பின்னால ஆறு. நான்தான் இருந்தேன், கொசு இருந்துச்சு.”

“வண்டி உங்களைத் தாண்டும்போது டப்பா இருந்துச்சா?”

கிழவர் அவரை அற்பமாகப் பார்த்தார். “மேபல் வரும்போது டப்பாவை எவளாவது பாப்பாளா, எவனாவது பாப்பானா?”

திரும்பி நடக்கும்போது மின்னா விசிலடித்துக்கொண்டு வந்தார். ஆர்லோவுக்குப் பொறுக்கவில்லை.

“பாஸ், கிழவர் பொய் சொல்லலை. ஆனா அவரும் இல்லைன்னா யாருமே இல்லையே?”

“நாற்பத்தேழு கட்சிக்காரன் ஒருத்தன் மேபலோட டப்பாவுக்குள்ள எட்டிப் பாத்தான்னு வெச்சுக்க. நாலஞ்சு வாஷர் கிடக்குது. என்ன செய்வான்?”

“சந்தோஷமா போய் ஆப்பிள் பை திம்பான்.”

“திருட மாட்டான்ல?”

“திருடுறதா? பத்திரமா காவல் காப்பான். எதிரி தோக்கறதுக்கு அந்த டப்பாதானே அத்தாட்சி…” ஆர்லோ சட்டென்று நின்றான். “அப்ப காலி டப்பா தொலைஞ்சா நல்லதுன்னு நினைக்கிறவன்…”

“தோக்கறவனோட ஆளு. ஓட்டெடுப்பு செல்லாதுன்னு ஆகணும்னு நினைக்கிறவன். அந்தப் பக்கம் யாரும் வரவும் இல்லை. வராமலே கை எட்டுற இடத்துல இருந்தது யாரு?”

ஆர்லோவின் வாய் திறந்தது. எல்லோரும் ‘எடுத்தது யார்’ என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, ‘செல்லாதுதானே’ என்று மட்டும் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். வண்டி ஓடும்போது வெர்னா உட்கார்வது வலது ஜன்னல். இடது ஜன்னலில் இருப்பவன், கையைக் கீழே விட்டால் போதும்.

“ஐயோ பாவம்” என்றான் ஆர்லோ. அதை அவன் கேலிக்குச் சொல்லவில்லை.

மேபலின் டிரைவர் அறைக்குள் அவர்கள் ஏறியபோது வெர்னா தன் ஜன்னலோரம் இருந்தாள், டெல்பர்ட் கரி அள்ளிக்கொண்டிருந்தான். மின்னா ஓரமாக நின்று அதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பின்னாலிருந்த கரித்தொட்டியில் அவன் காலடியிலேயே, கை எட்டுகிற மூலையில், கரி அழகாகக் குவிந்து கிடந்தது. டெல்பர்ட் அதைத் தொடாமல் எக்கி எக்கித் தூர மூலையிலிருந்து அள்ளினான். முதுகை உடைத்துக்கொண்டு.

“டெல்பர்ட், கிட்டத்துல இருக்குற கரி எரியாதா?” என்றார் மின்னா.

அள்ளுகரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது.

“அது… ஈரம்.”

“ஆர்லோ, ஈரமா பாரு.”

“எப்பவும் நான்தானா” என்று முனகிக்கொண்டு ஆர்லோ முழங்கை வரை கையை விட்டான். மூக்கு, காது, சட்டை எல்லாம் கறுப்பாகி, கடைசியில் தகரத்தில் விரல் பட்டது. டப்பாவை இழுத்து வெளியே எடுத்தான். பிடிக்கம்பி பிய்ந்திருந்தது. உள்ளே நாலைந்து வாஷர்கள் பரிதாபமாகக் கலகலத்தன.

வெர்னா டப்பாவைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

“நீயா?”

“மத்தியானம் எட்டிப் பாத்தேன், வெர்னா. ஒண்ணுமே இல்லை. எண்ணிச் சொல்லும்போது எல்லார் முன்னாடியும் நீ நிக்கணும். உன் மூஞ்சியைப் பாக்க என்னால முடியாது. தொலைஞ்சு போச்சுன்னா ஓட்டெடுப்பை நிறுத்திடுவாங்க, ஒரு வருஷம் கிடைக்கும்னு நினைச்சேன்.” அவன் அள்ளுகரண்டியைக் கீழே வைத்தான். “ஹோபார்ட் விதியைச் சொன்னதும் திருப்பி வைக்கவும் பயமா போச்சு.”

“கிளீட்டஸை உலுக்கச் சொன்னேனேய்யா நான்! பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?”

“இருந்தேன்.”

“திருடினதை விடு. என் எஞ்சின் தோத்துடும்னு நினைச்சியே, டெல்பர்ட். நீயே நினைச்சியே.”

வெர்னா டப்பாவுக்குள் மறுபடி பார்த்தாள். கோபம் வடிந்து போய், அதற்கு அடியில் இருந்தது மேலே வந்தது. “அவன் நினைச்சதுல என்ன தப்பு” என்றாள் மெல்ல. “நாலஞ்சுதான் இருக்கு. யாருக்கும் அவளைப் பிடிக்கலை.”

ஆர்லோ டப்பாவின் கரியைச் சட்டை நுனியால் துடைத்தான். ஒரு இரும்பு வண்டிக்காக இப்படி வருத்தப்படுவான் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

“கொஞ்சம் கீழே இறங்கி வாங்க” என்றார் மின்னா.

வெர்னாவை அவர் இடப்பக்கம் கூட்டிப் போய் நிறுத்தினார். “கடைசியா இங்கே எப்ப நின்னீங்க?”

“காலையில டப்பா கட்டும்போது.”

“அதுக்கு அப்புறம் யாரு இங்கே வந்தாங்க?”

“ஒரே ஒருத்தர் வந்தாரு, அவரு பேரு…” என்று ஆரம்பித்த ஆர்லோவின் காலை மின்னா அழுத்தி மிதித்தார். அவன் பேச்சு அதோடு நின்றது.

“இங்கே எதுக்குக் கட்டினீங்க, வெர்னா?”

“பின்னே? அந்தப் பக்கம் கட்டினா படத்துல விழாதா? சிலிண்டருக்கு முன்னால ஓட்டை டப்பாவைத் தொங்கவிட்டு அவ அழகைக் கெடுக்கச் சொல்றீங்களா? படம் எடுக்க வர்றவங்க என்னைக் கொன்னே போட்டு…”

வெர்னா நடுவாக்கியத்தில் நின்றாள். வெறும் பாய்லரைப் பார்த்தாள். ஆளரவமில்லாத புதரைப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போனது.

“ஒருத்தரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்களே” என்றாள்.

மின்னா அதற்குள் ரயிலின் வாலைச் சுற்றிப் படப்பிரியர்களின் வரிசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். கூச்சல் எழுந்தது. அவர் கையைத் தூக்கினார்.

“மேபலுக்கு ஓட்டுப் போட்டவங்க யாரு?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெய்ன் தாடிக்காரர் முதலில் வாயைத் திறந்தார். “போடலாம்னுதான் இருந்தேன். டப்பாவே கண்ணுல படலையே. சாயங்காலம் யாராவது வந்து வாங்கிக்குவாங்கன்னு…” என்று கால்சட்டைப் பையில் கை விட்டார்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்று சிவப்புக் கண்ணாடி அம்மாள் கைப்பையைக் குலுக்கினாள்.

வரிசை முழுக்கக் கைகள் பைக்குள் போயின. ஹோபார்ட் மலைமுகட்டைப் பார்த்தார். சூரியனின் அடிவிளிம்பு பாறையைத் தொட்டிருந்தது. “டப்பா எஞ்சின்ல தொங்கணும்! தொங்கினாத்தான் செல்லும்!” என்று பதறினார்.

“பிடிக்கம்பி பிஞ்சு போச்சே. கட்டிக்கிட்டிருக்க நேரம் இல்லை” என்றான் ஆர்லோ. அப்புறம் அவனுக்கே ஒன்று பளிச்சிட்டது. “தலைவரே, டெல்பர்ட் எஞ்சின்ல தொங்கினா, டப்பா டெல்பர்ட் கையில தொங்கினா, செல்லுமா?”

ஹோபார்ட் வானத்தைப் பார்த்து யோசித்தார். விதியின் ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. “அதுக்குத் தடை ஒண்ணும் இல்லை” என்றார் கடைசியில்.

டெல்பர்ட் வலப்பக்கப் படியில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் டப்பாவோடு சிலிண்டர்களுக்கு நேர் எதிரே தொங்கினான். கரி அப்பிய முகம், அழுத கண், கையில் ஓட்டை டப்பா. மேபலின் அழகுக்கு நட்டநடுவே. அன்றைய சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த எண்பது படத்திலும் அவன் இருந்தாக வேண்டும். இந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவனும் அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான்.

கூட்டம் முனகியது. ஒருவர் கேமராவைத் தாழ்த்தி, மேற்கே பார்த்து, நொந்துகொண்டார். பிறகு நடந்து வந்து வாஷரைப் போட்டார். அவர் பின்னால் தாடிக்காரர். அப்புறம் சிவப்புக் கண்ணாடி. அப்புறம் மொத்த வரிசையும் கலைந்து வந்தது. டங் டங்கென்று ஆரம்பித்த சத்தம் சீக்கிரமே பித்தளை மேல் பித்தளை விழுகிற சளசளப்பாக மாறியது. டெல்பர்ட்டின் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. தோள் நடுங்கியது. “நான் பிடிக்கவா?” என்று ஆர்லோ கேட்டான். டெல்பர்ட் தலையை மட்டும் ஆட்டி மறுத்தான்.

சூரியன் இறங்கியது. ஹோபார்ட் நாற்பத்தேழின் டப்பாவைக் கொண்டுவரச் செய்து ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அப்புறம் மேபலின் டப்பாவுக்கு இரண்டு கையும் கொடுத்தார். அது பாதிதான் எழும்பியது. விளிம்பிலிருந்து வாஷர்கள் சரிந்து புல்லில் கொட்டின. “எண்ணத்தான் வேணும்… ஆனா எண்ணித்தான் ஆகணுமா என்ன?” என்றார் அவர், சிரிப்பை அடக்க முடியாமல். கூட்டத்தின் பின்னால் நின்ற கிளீட்டஸ் ஓர்ம் எல்லோரையும் முந்திக்கொண்டு கை தட்டிவிட்டு, தன் ஃபயர்மேன் முறைப்பதைப் பார்த்ததும் கொசு அடிக்கிற மாதிரி பாவனை செய்தார்.

டெல்பர்ட் மட்டும் படியிலேயே நின்றான். மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. வெர்னா ஜன்னலில் உட்கார்ந்து நேரே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் கயிற்றைப் பிடித்தவள் இழுக்காமல் நிறுத்தினாள்.

“என்னய்யா நிக்கிறே?” என்றாள், திரும்பாமலே. “மேடு இருக்கு, இருட்டுறதுக்குள்ள ஏறணும். உள்ளே வா. நம்ம எஞ்சினுக்குக் கரி போடு.”

டெல்பர்ட் ஏறினான்.